சிங்காரவேலர்: கறுப்பு கவுனும் சிவப்புப் புடவையும்

ராஜாஜி சாலையில, பீச் ஸ்டேஷனை ஒட்டி இருக்கிற கலெக்டர் ஆபீஸுக்கு ஏதாவது ஒரு மனுவோட நீங்க போயிருக்கலாம். அந்தக் கட்டடத்துக்குப் பேர் சிங்காரவேலர் மாளிகை. காசிமேட்டுலயும் அவர் பேர்ல ஒரு நகர் இருக்கு. மீனவர்களுக்கு அரசு வீடு கட்டிக் குடுக்கிற ஒரு திட்டத்துக்கும் அவர் பேர்தான். பேர் இவ்வளவு இடத்துல இருக்கு. ஆனா யார் அவர்னு உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க. ஒருத்தர் சுதந்திரப் போராட்ட வீரர்னு சொல்வார், ஒருத்தர் கம்யூனிஸ்ட்னு சொல்வார், காசிமேடு பக்கத்து ஆள் யாராவது இருந்தா எங்க ஆளுனு சொல்வார். மூணுமே சரி. மூணையும் சேர்த்து எழுதினா ஒரு பொது அறிவுக் கேள்விக்கு விடை ஆகிடும், ரெண்டு மார்க் கிடைக்கும். அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது.

இந்தக் கட்டுரையில அவர் வாழ்க்கையை வேற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். அவர் செஞ்ச காரியங்களைத் தனியா எடுத்து வெச்சா, நிறைய ரொம்ப சாதாரணமானது. ஒரு துணியைக் கொளுத்தினார். ஒரு கூட்டத்தை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார். கடற்கரை மணல்ல ஒரு கொடியை நட்டார். இதெல்லாம் வெறும் தகவல். அந்தத் தகவலுக்குக் கீழ என்ன இருக்குங்கிறதுதான் விஷயம்.

இப்படிப் பார்க்கிறது காசிமேட்டுக்காரங்களுக்குப் புதுசு இல்ல. விடியறதுக்கு முன்னாடி துறைமுகத்துக்குப் போனா தெரியும். வஞ்சிரம், சங்கரா, சீலான்னு எல்லா மீனும் தண்ணி தெளிச்சுப் பளபளன்னு இருக்கும். வாங்க வர்ற அம்மா அந்தப் பளபளப்பைப் பார்க்கவே மாட்டாங்க. செவுளைத் தூக்குவாங்க. உள்ள சிவப்பா இருக்கா, வெளுத்துப் போச்சான்னு ஒரு நொடி பார்ப்பாங்க, அவ்வளவுதான், கூடை நகர்ந்துடும். தெரியாத ஆளுக்கு அது ஏதோ கைப்பழக்கம் மாதிரி இருக்கும். அந்த அம்மாவுக்கு அன்னிக்கு வியாபாரமே அதுலதான் இருக்கு.

பங்கு பிரிக்கிறதையும் கவனிங்க. மீன் வித்த காசுல டீசல், ஐஸ் செலவு எல்லாம் கழிச்சு மிச்சத்தைப் பங்கு போடுவாங்க. படகுல போன ஆளுக்குப் பங்கு. படகுக்கும் ஒரு பங்கு உண்டு. மேலோட்டமா பார்த்தா இது ஒரு கணக்கு. ஆனா படகு சாப்பிடுமா? அந்தப் பங்கு கரையில இருக்கிற ஒரு மனுஷன் வீட்டுக்குப் போகுது. முதல் போட்டவனுக்கு எவ்வளவு, உடம்பைப் போட்டவனுக்கு எவ்வளவுங்கிற உலகத்தோட பெரிய சண்டை அந்தச் சின்னக் கணக்குக்குள்ள உட்கார்ந்திருக்கு. சிங்காரவேலர் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டினது இந்த ஒரு கேள்வியோடதான்.

அவர் பிறந்தது 1860 பிப்ரவரி 18. ஊர் காசிமேடு இல்ல, திருவல்லிக்கேணி பக்கம் கடலோரத்துல இருக்கிற அயோத்தியாகுப்பம். மீனவக் குடும்பம். அப்பா வெங்கடாசலம், அம்மா வள்ளியம்மை. பழைய ஆவணங்கள்ல அவர் பேர் ம. சிங்காரவேலு செட்டியார். இதைப் பார்த்துட்டு அவர் ஏதோ வணிகச் சாதிக்காரர்னு நினைக்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க. கடற்கரையில பட்டினவர்களுக்கும் செட்டியார்ங்கிற பட்டம் உண்டு. ஒரே பட்டம்தான், ஆனா கடைத்தெருவுல அதுக்கு ஒரு அர்த்தம், குப்பத்துல வேற அர்த்தம். பேரை மட்டும் படிச்சா ஆளையே தப்பாப் புரிஞ்சுக்குவோம்.

படிப்பு விஷயத்துல நம்மள்ல சிலருக்கு ஆறுதலான ஒரு செய்தி. மெட்ரிகுலேஷன் முடிச்சது 1881ல. கிறித்தவக் கல்லூரியில எஃப்.ஏ. முடிச்சது 1884ல. மாநிலக் கல்லூரியில பி.ஏ. பட்டம் வாங்கினப்போ 1894, வயசு 34. அப்புறம் சட்டம் படிச்சு, 1907ல உயர் நீதிமன்ற வக்கீலா பதிவு செய்றார், அப்போ வயசு 47. இதை ஆமை வேகம்னு சொல்லிடலாம். ஆனா அந்தக் காலத்துல ஒரு மீனவக் குப்பத்துப் பிள்ளை அந்த நீதிமன்றத்துப் படியை வக்கீலா ஏறுறதுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்னு யோசிங்க. குப்பத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்தே போயிடலாம். அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க அவருக்கு வாழ்க்கையில பாதிக்கு மேல ஆச்சு.

வக்கீல் ஆகுறதுக்கு முன்னாடியே அவர் பௌத்தத்தின் பக்கம் போயிட்டார். அந்தச் சமயத்துல சென்னையில பௌத்தம் பேசினவங்க ஒரு தனி கூட்டம். அயோத்திதாசர் 1898ல சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பிச்சிருந்தார். அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு பௌத்தத்தைப் பத்திப் புத்தகம் எழுதிக்கிட்டிருந்தார். சிங்காரவேலர் வீட்டுல கூட்டம் நடக்கும், இளைஞர்கள் வருவாங்க, அதுல திரு.வி.க.வும் ஒருத்தர். பேச்சு புத்தரோட நிக்காது, டார்வின் வரைக்கும் போகும். வெளியில இருந்து பார்த்தா ஒரு ஆள் மதம் மாறினார், அவ்வளவுதான். பிறப்பை வெச்சு மனுஷனை அளக்கிற ஒரு கட்டடத்தை விட்டு வெளிய வர அன்னிக்கு இருந்த கதவுகள்ல அதுவும் ஒண்ணு. பரிணாமத்தைப் பத்திப் பேசிக்கிட்டே அந்தக் கதவு வழியா வந்தவர், பின்னாடி அந்தக் கதவுகிட்டயும் நின்னுடல.

வீடு முழுக்கப் புத்தகம். ஆயிரக்கணக்குல. அவர் வீட்டு நூலகத்துக்கு அந்தக் காலச் சென்னையில ஒரு தனிப் பேர் இருந்தது. கடல் கடந்து என்ன நடக்குதுன்னு அந்த அலமாரி வழியாத்தான் அவருக்குத் தெரிஞ்சது. ருஷ்யாவுல 1917ல நடந்ததும் அப்படித்தான் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இப்போ 1921க்கு வருவோம். காந்தி ஒத்துழையாமையை அறிவிச்ச சமயம். வக்கீல்கள் கோர்ட்டை விடணும், மாணவர்கள் காலேஜை விடணும். நிறைய பேர் விட்டாங்க, சில பேர் கொஞ்ச நாள் விட்டுட்டுத் திரும்பவும் போனாங்க. சிங்காரவேலர் ஒரு பொதுக்கூட்டத்துல தன்னோட வக்கீல் கவுனைக் கொளுத்தினார்.

இதை நாம இப்போ எப்படிப் படிக்கிறோம்? ஒரு கறுப்புத் துணி எரிஞ்சது. இன்னிக்கு யாராவது இப்படி செஞ்சா அரை நிமிஷ வீடியோ வரும், நாளைக்கு வேற வீடியோ வந்துடும். ஆனா அந்த கவுன் எத்தனை வருஷக் கவுன்னு மேல பார்த்தோம். 1881ல இருந்து 1907 வரைக்கும் 26 வருஷம் அதுக்குள்ள இருக்கு. குப்பத்துல இருந்து வந்த ஆளை வெள்ளைக்கார நீதிபதி முன்னாடி சரிசமமா நிக்க வெச்ச துணி அது. பரம்பரையா பணமும் பட்டமும் உள்ளவர் அதைக் கொளுத்தினா ஒரு துணிதான் போகும். இவர் கொளுத்தினப்போ ஏறி வந்த ஏணியையே சேர்த்துக் கொளுத்தினார். வயசு 61. இனிமே வேற தொழில் கத்துக்கிட்டு ஆரம்பிக்கிற வயசு இல்ல.

ஒரு செயலோட அர்த்தம் அந்தச் செயலுக்குள்ளயே இருக்குன்னு நாம நினைக்கிறோம். என்னைக் கேட்டா, அது பெரும்பாலும் மறுநாள் காலையிலதான் தெரியும். கவுன் எரிஞ்ச மறுநாள் அவர் கோர்ட்டுக்குப் போகல. அதுக்கு அடுத்த நாளும் போகல. எரிச்சது நாடகமா இல்லையாங்கிறதுக்கு இதை விட வேற சாட்சி வேணுமா?

1922 ஜனவரியில வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தப்போ நடந்த கடையடைப்புல அவர் முன்னால நின்னார். அதே வருஷம் டிசம்பர்ல, பீகார்ல உள்ள கயாவுல காங்கிரஸ் மாநாடு. தலைமை சி.ஆர். தாஸ். அங்க மேடையேறின சிங்காரவேலர் கூடியிருந்தவங்களைத் தோழர்களேன்னு கூப்பிட்டார்.

ஒரு விளி, அவ்வளவுதான். ஆனா நம்ம ஊர்ல கூப்பிடுற வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குச் சொல்லணுமா? அண்ணா, தம்பி, சார், ஐயா, டேய். ஒருத்தர் நம்மளை எப்படிக் கூப்பிடுறார்ங்கிறதுலயே நாம அவருக்கு மேலயா, கீழயான்னு முடிவாகிடுது. ஹாஸ்டல்ல சீனியர், ஜூனியர் கணக்கே இதுலதான் ஓடுது. தோழர்ங்கிற வார்த்தையில மேல, கீழ கிடையாது. அதோட, அந்த வருஷங்கள்ல பெஷாவர்ல ருஷ்யாவுக்குப் போய்ட்டு வந்த இளைஞர்கள் மேல சதி வழக்கு நடந்துக்கிட்டிருந்தது. போல்ஷ்விக்னு சந்தேகம் வந்தாலே போலீஸ் பின்னாடி வரும். அப்படிப்பட்ட சமயத்துல, பெரிய வக்கீல்களும் ஜமீன்தார்களும் உட்கார்ந்திருக்கிற பந்தல்ல, தான் ஒரு கம்யூனிஸ்ட்னு மறைக்காம சொல்லிட்டு, தொழிலாளியும் விவசாயியும் இல்லாத சுயராஜ்யத்தால என்ன பிரயோஜனம்ங்கிற மாதிரி பேசினார். தமிழ்நாட்டுல தோழர்ங்கிற விளி பரவலா ஆனது இதுக்குப் பத்து வருஷம் கழிச்சு, 1932ல பெரியார் ஐரோப்பாவுல இருந்து திரும்பி வந்து எல்லாரும் அப்படியே அழைக்கணும்னு கேட்டுக்கிட்ட பிறகு.

அடுத்தது 1923 மே 1. இதுதான் அவரைப் பாடப்புத்தகத்துக்குள்ள கொண்டு வந்த நாள். இந்தியாவோட முதல் மே தினம். அமெரிக்காவுல சிகாகோ தொழிலாளிகள் 1886ல எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினதோட நினைவு அந்த நாள். சென்னைக்கும் தொழிற்சங்கம் புதுசு இல்ல. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளிகளை வெச்சு 1918லயே சென்னைத் தொழிற்சங்கம் வந்துடுச்சு. 1921ல அங்க பெரிய வேலைநிறுத்தம் நடந்தப்போ சிங்காரவேலர் தொழிலாளிகள் பக்கம் நின்னவர். ஆனா சிகாகோவுல செத்தவனும் பெரம்பூர்ல தறி ஓட்டுறவனும் ஒரே ஆளுதான்னு நம்ம மணல்ல நின்னு யாரும் அதுவரைக்கும் சொல்லல.

ரெண்டு கூட்டம் நடந்தது. ஒண்ணு உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில. இன்னொண்ணு திருவல்லிக்கேணி கடற்கரையில. மே முதல் நாளை விடுமுறையா அறிவிக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. தொழிலாளருக்கும் விவசாயிக்கும்னு ஒரு கட்சியையும் அன்னிக்கே அறிவிச்சாங்க. நீதிமன்றத்துக்கு எதிர்லயே ஏன் ஒரு கூட்டம்னு யோசிச்சா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கவுனைக் கொளுத்தின மனுஷன் முகம் எனக்கு ஞாபகம் வருது.

அன்னிக்கு ஏத்தின செங்கொடியைப் பத்தி ஒரு கதை உண்டு. கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காம, தன் மகளோட சிவப்புப் புடவையைக் கிழிச்சுக் கொடியாக்கினார்னு சொல்லுவாங்க. மேடைக்கு மேடை சொல்லப்படுற கதை. இதைக் கேட்டவுடனே நம்ம ஆளுங்க ரெண்டு கட்சியாப் பிரிவாங்க. ஆதாரம் எங்கன்னு ஒரு கட்சி, அப்பா எவ்வளவு பெரிய மனசுன்னு ஒரு கட்சி. எனக்கு வேற ஒண்ணு தோணுது. அந்தக் கதை ஏன் நிலைச்சுது? கொடிக்கடையில இருந்து வாங்கின கொடின்னா யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க. வீட்டுக் கொடியில காய்ஞ்ச துணி பொதுக் கொடி ஆச்சுங்கிறதைத்தான் சனங்க பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு இந்தக் கதையைச் சொல்ற யாரும் சொல்றதே இல்ல. புடவை அவங்களோடது.

சிவில் படிக்கிறவங்களுக்காக இங்க ஒரு சின்ன விலகல். அந்த மெரினா மணல் எங்கிருந்து வந்தது? நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான நாள் அலை மணலைத் தெற்குல இருந்து வடக்கே தள்ளிக்கிட்டே போகும். 19ஆம் நூற்றாண்டோட கடைசியில சென்னைத் துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. மணல் அங்க மாட்டிக்கிச்சு. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே வர வேண்டிய மணல் வராம, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. இன்னிக்கு எண்ணூர் ரோட்டுல போனா கடலுக்கும் நமக்கும் நடுவுல பாறைச் சுவர்தான் தெரியும். சாயங்காலம் மெரினாவுல சுண்டல் சாப்பிடுறது ஒரு சாதாரண காரியம். நீங்க கால் நீட்டி உட்கார்ற அந்த மணல்ல ஒரு பங்கு நம்ம வடசென்னைக் குப்பங்களுக்கு வர வேண்டியது. கணக்குல அதையும் சேர்த்துக்கோங்க. உழைப்பாளர் சிலை நிக்கிறதும் அதே மணலோரத்துலதான், 1959ல இருந்து.

மே தினத்துக்குப் பிறகு அரசாங்கம் அவரைச் சும்மா விடல. 1924ல கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்குல அவர் பேரையும் சேர்த்தாங்க. உடம்பு ரொம்ப முடியாம இருந்ததால கான்பூருக்குக் கொண்டு போகல, பிறகு அவர் மேல இருந்த வழக்கும் போயிடுச்சு. அடுத்த வருஷம், 1925 டிசம்பர்ல, அதே கான்பூருக்கு அவரே போய் இந்தியாவோட முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கைதியா போக வேண்டிய ஊருக்குத் தலைவரா போறது கொஞ்சம் குசும்புதான். இடையில சென்னை மாநகராட்சியில உறுப்பினராவும் இருந்தார்.

இப்போ 1928. நம்ம எல்லாருக்கும், முக்கியமா மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு, இது நேரடியாத் தொடுற விஷயம்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்துலயும் மத்த இடங்கள்லயும் இருந்த பணிமனைகளை எடுத்துட்டு, எல்லாத்தையும் திருச்சி பக்கத்துல பொன்மலையில ஒரே பெரிய பணிமனையாக்க முடிவு பண்ணுச்சு. பொறியியலாப் பார்த்தா நல்ல முடிவு. இடமாற்றம் மிச்சம், மிஷின் மிச்சம். ஆள்? ஆளும் மிச்சமாச்சு. யாரை வெச்சுக்கிறது, யாரை அனுப்புறதுன்னு பார்க்க, தொழிலாளிகளுக்குத் திறமைத் தேர்வு வைக்கப் போறோம்னு கம்பெனி சொன்னது.

முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டிங் பரீட்சை எழுதினது ஞாபகம் இருக்கா? ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம், மூணு மணி நேரம். சரியா பொருந்தலைன்னா மார்க் போகும், அவ்வளவுதான். இப்போ அதே பரீட்சையை இருபது வருஷமா இன்ஜினைப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கிற ஒரு ஃபிட்டருக்கு வெச்சா என்ன அர்த்தம்? அவருக்கு வேலை தெரியுமாங்கிறது நேத்தே தெரிஞ்ச விஷயம். அவர் பழுதுபார்த்த இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. தேர்வுத் தாளோட மேல் பக்கத்துல திறமைன்னு எழுதியிருந்தது, பின் பக்கத்துல ஆட்குறைப்புப் பட்டியல் இருந்தது. தொழிலாளிகள் திருப்பிப் பார்த்துட்டாங்க. தேர்வுக்கு மாட்டோம்னாங்க.

ஜூலையில வேலைநிறுத்தம். 68 வயசு சிங்காரவேலர் அதுல முன்னால நின்னார். ரயில் நின்னது, போலீஸ் வந்தது, அந்த மாசத்தோடவே வேலைநிறுத்தம் அடங்கிடுச்சு. தோத்துப் போச்சுன்னுதான் சொல்லணும். அவரையும் மத்த தலைவர்களையும் பிடிச்சாங்க. பத்து வருஷத் தண்டனை. மேல்முறையீட்டுல குறைஞ்சு, 1930ல வெளிய வந்தார். ராயபுரம் ஸ்டேஷன் நமக்குப் பெருமை, 1856ல தென்னாட்டோட முதல் ரயில் கிளம்பின இடம், பழைய கட்டடம் இன்னும் நிக்குதுன்னு போட்டோ எடுக்கிறோம். எடுக்கலாம், தப்பில்ல. அந்தத் தண்டவாளத்துக்குக் கீழ இந்தக் கதையும் படுத்திருக்கு.

ஜெயில்ல இருந்து வந்தப்போ வயசு 70. இனிமே தெருவுல நின்னு போராட உடம்பு இடம் குடுக்காது. பேனாவை எடுத்தார். பெரியாரோட குடிஅரசு பத்திரிகையில அறிவியல் கட்டுரைகள். பிரபஞ்சம் எப்படி வந்தது, உயிர் எப்படி வந்தது, ஜோசியம் ஏன் பொய், பேய் ஏன் இல்லன்னு, படிக்கத் தெரிஞ்ச ஒரு சாதாரணத் தமிழனுக்குப் புரியிற மாதிரி எழுதினார். தமிழ்ல அறிவியல் எழுத முடியாதுன்னு நம்ம புரொபசர்கள்ல சிலர் இன்னிக்கும் சொல்றாங்க. இவர் 1930கள்லயே வாராவாரம் எழுதிக்கிட்டிருந்தார்.

இங்கதான் எனக்கு அவரைப் பத்தி ஒரு சந்தேகம் வந்தது. சகுனம், ஜோசியம்னா என்ன? ஒரு சாதாரண நிகழ்ச்சிக்குள்ள ஏதோ ஆழமான அர்த்தம் இருக்குன்னு நம்புறது. பூனை குறுக்க போச்சு, அதுக்கு ஒரு அர்த்தம். பல்லி சத்தம் போட்டுச்சு, அதுக்கு ஒரு அர்த்தம். இவர் அதையெல்லாம் வெட்டி எறியிறார்: பூனை போச்சு, அவ்வளவுதான். சரி. அப்போ கவுனைக் கொளுத்தினது? புடவையைக் கொடியாக்கினது? அதுவும் துணிதானே? அதுக்கு மட்டும் எங்கிருந்து ஆழம் வந்தது? சடங்கைத் திட்டின மனுஷனே சடங்கு செஞ்ச மாதிரி இல்லையா?

ரொம்ப நாள் யோசிச்சுப் பார்த்ததுல எனக்குக் கிடைச்ச பதில் இது. பூனை குறுக்க போறதுல பூனைக்கு எந்தச் செலவும் இல்ல, நமக்கும் இல்ல. அர்த்தத்தை நாம வெளியில இருந்து ஒட்டுறோம். கவுன் விஷயத்துல அர்த்தத்தை யாரும் ஒட்டல, அவரே உள்ள வெச்சார், அதுக்கு விலையும் குடுத்தார். அவர் அப்புறம் எப்படி வாழ்ந்தார்ங்கிறதை வெச்சு அதைச் சரிபார்க்கவும் முடியும். சரிபார்க்க முடியாத அர்த்தத்தைத்தான் அவர் மறுத்தார். லேப்ல ரீடிங் எடுக்கிற மாதிரிதான்.

ஆனா ஒரு இடத்துல நான் அவர் எழுத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிக்கிறேன். காசிமேட்டுல படகு கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்துவாங்க, எலுமிச்சம்பழம் வெப்பாங்க. மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில கடந்து போயிடலாம். கற்பூரத்தால காத்து திசை மாறாது, அது உண்மை. ஆனா கரையில நிக்கிற வீட்டுக்காரங்களோட முகத்தைப் பாருங்க. திரும்பி வருவாரான்னு யாருக்கும் தெரியாத ஒரு தொழில்ல, போயிட்டு வாங்கன்னு சொல்றதுக்கு அவங்களுக்குக் கிடைச்ச மொழி அது. ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் வந்த பிறகும் அந்தக் கற்பூரம் அணையல. குப்பத்துல பிறந்த சிங்காரவேலருக்கு இது தெரியாம இருந்திருக்காது. அவர் கோபம் கற்பூரம் ஏத்தின கை மேல இல்ல, அந்தப் பயத்தை வெச்சுப் பிழைச்சவங்க மேலதான்னு நான் படிக்கிறேன். நீங்க வேற மாதிரி படிக்கலாம்.

1932 கடைசியில பெரியாரும் அவரும் சேர்ந்து ஈரோட்டுல ஒரு சமதர்மத் திட்டம் போட்டாங்க. கொஞ்ச வருஷத்துல வழி பிரிஞ்சது. சாதியை முதல்ல பார்க்கிறதா, கூலியை முதல்ல பார்க்கிறதா, யாரோட தேர்தல்ல நிக்கிறதுன்னு நிறைய காரணம். அதைப் பத்தித் தனியா ஒரு இதழே போடலாம். 1935ல புது உலகம்னு தானே ஒரு மாத இதழ் ஆரம்பிச்சார். 75 வயசுல புதுப் பத்திரிகை.

கடைசியாப் பொதுவுல அவரைப் பார்த்த இடங்கள்ல ஒண்ணு 1945ல சென்னை அச்சுத் தொழிலாளர் கூட்டம். வயசு 85. அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தவங்க ஈய எழுத்தைக் கையால ஒண்ணொண்ணா கோத்தவங்க. அச்சு எழுத்து தலைகீழா, கண்ணாடியில தெரியிற மாதிரிதான் இருக்கும். அதை அப்படியே படிக்கப் பழகின கண்ணு அவங்களுக்கு. ஆயுசு முழுக்கப் புத்தகத்தோட வாழ்ந்த ஒருத்தர், அந்தப் புத்தகத்தை எல்லாம் மறுபக்கத்துல இருந்து பார்த்தவங்களைக் கடைசியாப் போய்ப் பார்த்தார்.

1946 பிப்ரவரி 11 அன்னிக்கு அவர் இறந்தார்.

சரியா ஒரு வாரம் கழிச்சு, பிப்ரவரி 18. அவர் இருந்திருந்தா 86 முடிஞ்சிருக்கும். அன்னிக்கு பம்பாயில தல்வார்ங்கிற கடற்படைப் பயிற்சித் தளத்துல இந்திய மாலுமிகள் சாப்பாடு மோசம்னு சொல்லி வேலை செய்ய மறுத்தாங்க. தேதி ஒத்துப் போறதுல அர்த்தம் தேடாதீங்க, அவரே சிரிப்பார். சாப்பாட்டுப் புகாரைப் பாருங்க. ஹாஸ்டல் மெஸ்ஸுல நாம தட்டைத் தள்ளி வெக்கிற மாதிரி ஆரம்பிச்சது, ரெண்டே நாள்ல கப்பல் கப்பலா, துறைமுகம் துறைமுகமா கராச்சி வரைக்கும் போச்சு. பிரிட்டிஷ் கொடியை இறக்கிட்டு மாலுமிகள் பாய்மரத்துல மூணு கொடி ஏத்தினாங்க. ஒண்ணு காங்கிரஸோடது, ஒண்ணு முஸ்லிம் லீக்கோடது. மூணாவது, 23 வருஷத்துக்கு முன்னாடி நம்ம கடற்கரையில ஏறின அதே சிவப்புத் துணி.